மா என்னும் சொல்லும் வராத அட்டையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் இதை எழுதுகிறேன். நேரில் வந்து பேசச் சொல்லி அழைத்திருந்தீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் நம் அகராதி அலுவலகத்தின் அந்த இரண்டு மாடிப் படிகளை என் முழங்கால்கள் இனி ஒத்துக்கொள்ளாது. அதோடு, நேரில் வந்தால் திட்டிவிடுவேன். எழுதினால் கொஞ்சம் குறைத்துத் திட்டலாம்.

போன வாரம் உங்களில் ஒருவர் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தார். 'மா: உலகம் பேசிய முதல் சொல்' என்று தலைப்பு. கீழே பதினான்கு மொழிகள், பதினான்கு பொருள்கள், எல்லாம் தமிழிலிருந்து போனவை என்று கடைசியில் ஒரு முழக்கம். மற்ற நால்வரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள். 'ஆதார அட்டை எங்கே?' என்று கேட்டேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. முப்பத்தொரு வருடம் அகராதி வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட எரிச்சலூட்டும் பதில் இருக்க முடியாது.

'மா' என்ற இந்த ஒரு சொல்லோடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கட்டைவிரலை உயர்த்துங்கள்.

நம் வீட்டு மாவே தலைவலிக்குப் போதும். மாமரம், அரிசி மாவு, விலங்கு, அதிலும் குறிப்பாகக் குதிரை, பெரிய என்ற பொருள், வேலியில் இருபதில் ஒரு பங்கு நிலம், திருமகள். ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் என்பதைத் தவிர இவர்களில் பாதிப் பேருக்குள் எந்த உறவும் இல்லை. இதற்கு மேல் வெளிநாட்டு மாக்கள். இந்தியில் அம்மா. அரபியில் தண்ணீர். வியட்நாமில் பேய். ஜப்பானில் இரண்டு பொருள்களுக்கு நடுவே விடும் இடைவெளி. சீனத்தில் குரலை ஏற்றி இறக்குவதைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, திட்டு. தாய்லாந்தில் வா என்பதும் நாய் என்பதும் குதிரை என்பதும் நம் காதுக்கு மாதான்.

இதில் அம்மாவுக்கு மட்டும் ஒரு காரணம் சொல்லலாம். குழந்தை வாயை மூடித் திறந்தாலே வருகிற ஒலி அது. எந்த ஊர் அம்மாவும் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொண்டிருப்பாள். மற்றதெல்லாம் தற்செயல். மனித வாயில் இருக்கும் ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டிய விஷயங்கள் ஏராளம். சொல் எவ்வளவுக்கு எவ்வளவு சின்னதோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஊரெல்லாம் அதே ஒலி அகப்படும். உண்மையிலேயே ஊர் விட்டு ஊர் போன சொல்லுக்கு வழியெல்லாம் தடம் இருக்கும். மாங்காய் அப்படிப் போன சொல். மேற்குக் கரையில் போர்த்துகீசியரோடு கப்பலேறி, அவர்கள் வாயில் 'மங்கா' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'மேங்கோ' ஆனது. வழியில் அதைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தடம் இல்லாமல் வெறும் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களை நான் வாரம் ஒருவராகப் பார்த்திருக்கிறேன்.

அவர்களில் தலைசிறந்தவரை 'செவ்வாய்க்கிழமை மாமா' என்போம். மயிலாப்பூர்க்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, தோளில் ஜோல்னாப் பையோடு படியேறி வருவார். பைக்குள் 'மா' பட்டியல் இருக்கும். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த மொழியைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார்.

அவரை வரவேற்பது ஸ்டெல்லாவின் வேலை. ஸ்டெல்லாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் அண்ணி கடற்கரையோர லூப் ரோட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா பிளஸ் டூ முடித்துவிட்டு நம் அலுவலகத்தில் அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகமாகச் சேர்ந்தாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். யார் முகத்துக்காகவும் வார்த்தையை மாற்றிப் பேசமாட்டாள்.

"வாமா. ஃபேனாண்ட குந்துமா, மூச்சு வாங்குது பாரு" என்றாள் ஒருநாள் மாமாவிடம்.

அவர் என் மேசைக்கு வந்து, "என்னப் பார்த்து மாங்கறாளே, நான் என்ன பொம்மனாட்டியா? யாரும் கேக்கறதில்லையா இங்க?" என்றார்.

"எங்க ஊட்டாண்ட ஆம்பள பொம்பள அல்லாரும் மாதான். எங்க நைனாவையே அப்டித்தான் கூப்புடுவேன்" என்றாள் ஸ்டெல்லா, தலையை நிமிர்த்தாமல்.

"நான் முப்பது வருஷமா இந்த ஒரு சொல்ல ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கேன், தெரியுமோ?"

"பண்ணுமா, யாரு வாணாம்னா."

மாமாவின் பட்டியலில் நாற்பத்து மூன்று மொழிகளின் மா இருந்தது. பட்டினப்பாக்கத்து மா இல்லை. எங்கள் அகராதியிலும் அது இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நானும் மாமாவைப் பார்த்துச் சிரிப்பதிலேயே மும்முரமாக இருந்தேன்.

இனி வேலைக்கு வருவோம். நம் அகராதியில் அச்சாகும் ஒவ்வொரு வரிக்கும் பெட்டியில் ஓர் அட்டை இருக்க வேண்டும். இந்தச் சொல் இந்தப் பொருளில் எங்கே வந்தது, யார் எழுதினார் அல்லது பேசினார், அதை யார் பார்த்தது என்ற விவரம் அதில் இருக்கும். அட்டை இல்லாத வரி அச்சுக்குப் போகக் கூடாது. நாம் யாராவது அட்டையை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டைச் செருக வேண்டும். அதில் 'வெளியே' என்று அச்சிட்டிருக்கும். அந்தக் காலத்தில் தேதி முத்திரையை மட்டும் குத்துவோம். யார் எடுத்தது என்று எழுதும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே என்ற நினைப்பு. வெளியே போன அட்டையைத் திரும்ப வாங்கிச் செருகுவது ஸ்டெல்லாவின் பொறுப்பு.

மகர வரிசைத் தொகுதி அச்சேறிக்கொண்டிருந்த சமயம். 'மா' வரும் பக்கத்தில் ஒரு மேற்கோள் தவறு என்று முதன்மைப் பதிப்பாசிரியர் கடைசி நேரத்தில் அடித்துவிட்டு, காய்ச்சலோடு வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் இரண்டு வரி குறைந்தது. அடுத்த பக்கங்கள் ஏற்கெனவே அச்சில் ஓடிவிட்டதால் வரிகளை மேலே இழுக்க வழியில்லை. ராயப்பேட்டை அச்சகத்திலிருந்து மேற்பார்வையாளர் ஃபோன்மேல் ஃபோன் போட்டார்.

"மேடம், ரெண்டு வரி குடுத்துடுங்க. இல்லாட்டி வெள்ளையா போவுது. மிஷின் சும்மா நின்னுக்கினு கீது."

வெள்ளையாகவே போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். மாமரத்துக்கு இன்னொரு மேற்கோளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. துணைப் பதிப்பாசிரியராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அச்சகத்துக்காரர் முன்னால் தடுமாறக் கூடாது என்ற வீம்பு. மேசைமேல் செவ்வாய்க்கிழமை மாமா விட்டுப்போன பட்டியல் கிடந்தது. சீனத்தில் மா என்றால் குதிரை, தமிழிலும் மா என்றால் குதிரை. இதை நல்ல புத்தகம் ஒன்றிலும் படித்திருக்கிறேன் என்று சத்தியமாக நம்பினேன். இன்றுவரை அது எந்தப் புத்தகம் என்று தெரியாது.

ஃபோனிலேயே சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்: 'குதிரை என்னும் பொருள்கொண்ட மா பண்டைக் கடல்வணிகர் வழியே சீனத்துக்குச் சென்று, இன்றும் அங்கு அதே பொருளில் வழங்குகிறது.' சரியாக இரண்டு வரி. அழகாகப் பொருந்திவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. நம் நாட்டுக்குக் குதிரை கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வந்த சரக்கின் பெயரை நான் ஏற்றுமதி செய்துவிட்டேன்.

மதியம் பெட்டி அறைக்குப் போனேன். அட்டை இல்லை. இருக்காது என்றும் தெரியும். ஆதாரத்தை வீட்டில் தேடி நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து, அந்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டைச் செருகி முத்திரை குத்தினேன். இல்லாத அட்டையை வெளியே போயிருப்பதாகக் காட்டினேன். வேறு எந்த அலுவலகத்திலும் இது ஒரு தப்பே இல்லை. நம் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை.

நாளைக்கு என்பது வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஆயுதபூஜைக்கு முன்னால் பெட்டிகளைத் துடைத்து அட்டைகளைச் சரிபார்ப்பது வழக்கம். ஸ்டெல்லா கழுத்துச் சிலுவையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் துடைத்துப் பொட்டு வைப்பாள். வெளியே போன அட்டைகளையெல்லாம் அந்த வாரத்துக்குள் அவரவர் மேசையிலிருந்து பிடுங்கிவிடுவாள். ஒன்று மட்டும் வராது. கூடத்தில் எல்லோரிடமும் கேட்டுவிட்டுக் கடைசியாக என்னிடம் வருவாள்.

"மா குதிர அட்ட உன்னாண்ட கீதாமா?"

"பார்க்கிறேன் ஸ்டெல்லா."

ஒன்பது வருடம் இதே கேள்வி, இதே பதில். முதல் இரண்டு வருடம் மனசு குத்தியது. அப்புறம் அதுவும் பூஜைக்கு வாங்கும் பொரிகடலைபோல வருடாந்தர வழக்கமாகிவிட்டது.

பத்தாவது வருடம் ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் சீனமொழி கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், மிக மரியாதையாக, எங்கள் அகராதியின் அந்த இரண்டு வரிகளுக்கான ஆதார அட்டையின் நகலை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அப்போது எங்கள் செயலர் புதியவர். வந்து மூன்று மாதம்தான். வெளிநாட்டுக் கடிதத்தைப் பார்த்ததும் பரபரப்பாகிவிட்டார். பெட்டியைத் திறந்தால் மஞ்சள் சீட்டு, பத்து வருடம் பழைய முத்திரையோடு.

ஸ்டெல்லாவை அறைக்குக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன். மேசையில் ஸ்டெல்லாவின் பணிநிரந்தரக் கோப்பும் இருந்தது. பதினேழு வருடம் தற்காலிகமாக இருந்தவளுடைய கோப்பு, எல்லாக் கையெழுத்தும் வாங்கிவிட்டு செயலரின் கையெழுத்துக்காக மட்டும் காத்திருந்தது. ஸ்டெல்லா குடும்பம் இருந்த பழைய அடுக்குமாடியைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு வெளியே, பெரும்பாக்கத்தில் வீடு தருவதாகப் பேச்சு. மகள் மந்தைவெளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நிரந்தர வேலைக் கடிதத்தைக் காட்டினால் மந்தைவெளியிலேயே வாடகைக்குத் தருவதாக ஒரு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

"ஒரு அட்டையப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவங்களை நான் எப்படி நிரந்தரம் பண்றது?" என்றார் செயலர்.

"சார், பதினேழு வருசத்துல ஒரு அட்ட தொலஞ்சதில்ல சார். இத்த எட்தவங்க திருப்பிக் குடுக்கல."

"யார் எடுத்தா?"

"தெர்ல சார். வருசா வருசம் அல்லாரையும் கேட்டுக்கினுதான் கீறேன்."

"மூணு நாள் டைம் தரேன். அட்டை வரணும். இல்லேன்னா இந்தக் கோப்பு திரும்பிப் போகும்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கும் மூன்று மாதத்தில் முதன்மைப் பதிப்பாசிரியர் பதவி வர இருந்தது. அதுதான் காரணம். வேறு கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அன்று மதியம் ஸ்டெல்லா சாப்பிட வரவில்லை. பெட்டி அறையில் இழுப்பறைகளைத் தரையில் வைத்து, ஒவ்வோர் அட்டையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். வேறு எழுத்துக்குள் மாறிப் போயிருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. இல்லவே இல்லாத அட்டையை அவளோடு உட்கார்ந்து சாயங்காலம்வரை தேடினேன். 'நீ போமா, உனுக்கு வேல கெடக்குது' என்று அவள் என்னை இரண்டு முறை எழுப்பிவிடப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அடையாறில் ஒரு நூலகத்துக்குப் போனேன். எப்படியாவது அந்தப் 'படித்த புத்தக'த்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும். மதியம் இரண்டு மணிக்குக் கிடைத்தது. வேறோர் ஊரில் வெளியான கனமான அகராதி, மேலட்டையும் தாளும் புத்தம் புதிதாக. மா என்ற சொல்லின்கீழ், 'கடல்வணிகர் வழியே சீனத்துக்குச் சென்ற சொல்' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே பையிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். சொல், பொருள், நூல், பக்கம் எல்லாம் எழுதியாயிற்று. கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. அந்த நூல் தன் ஆதாரமாக எதைச் சொல்கிறது என்று எழுத வேண்டும். பாதிப் பேர் அதை நிரப்புவதில்லை. நீங்களும் நிரப்புவதில்லை, பார்த்தேன். அன்றைக்கு ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் முன்பக்கத்தைப் புரட்டி, அவர்களுடைய ஆதாரப் பட்டியலைத் தேடினேன்.

எங்கள் அகராதி. எங்கள் தொகுதி, எங்கள் பக்கம்.

நான் ஃபோனில் சொன்ன இரண்டு வரி வெளியூர் போய், வேறு சட்டை போட்டுக்கொண்டு, எனக்கே சாட்சி சொல்ல வந்திருந்தது. வரும்வழியில் மந்தைவெளியில் பேருந்தைவிட்டு இறங்கி, நிறுத்தத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சல் சொல்லி முடியாது. செவ்வாய்க்கிழமை மாமாவுக்காவது ஒரு நியாயம் உண்டு. அவர் தன் பட்டியலை யார் பெட்டியிலும் செருகவில்லை.

மூன்றாம் நாள் காலை செயலர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நூலகத்தில் எழுதிய அட்டையையும் மேசைமேல் வைத்தேன். அவர் அட்டையை எடுத்துப் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு வசந்தா மேடம். இதையே பெட்டியில வெச்சிடுங்க. அச்சுல இருக்கிற அகராதி, யார் கேக்கப் போறா? அட்டை கிடைச்சிடுச்சுன்னு நான் எழுதிடறேன். ஸ்டெல்லா கோப்புலயும் கையெழுத்துப் போட்டுடறேன். எல்லாருக்கும் நல்லது."

நீங்கள் ஒரு நிமிடம் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அவர் சொன்னதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஸ்டெல்லாவுக்கு வேலை, எனக்குப் பதவி, அலுவலகத்துக்கு மானம். நான் என்னை நல்லவள் என்று காட்டிக்கொள்ள முடிவெடுத்தால் போகக்கூடியது ஸ்டெல்லாவின் வீடு. அவர் கோபத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பினால்? அந்த பயம் உண்மையிலேயே இருந்தது.

ஆனால் 'அட்டை கிடைத்தது' என்று எழுதினால், அது இத்தனை நாள் தொலைந்திருந்தது என்றும் ஆகிறது. பதினேழு வருடத்தில் ஓர் அட்டையைக்கூடத் தொலைக்காதவளின் கோப்பில் ஒரு தொலைந்த அட்டை ஏறிவிடும். அடுத்து வரும் செயலர் அதைத்தான் படிப்பார்.

"அட்டை தொலையவே இல்ல சார். இருந்தாத்தானே தொலையும்" என்றேன். "அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். ஸ்டெல்லாவைச் சம்பந்தப்படுத்த அதுல எதுவும் இருக்காது. பேராசிரியருக்கும் நானே பதில் எழுதறேன்."

"உங்க பதவி என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். மூணு நாளா அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அந்தப் பதவி என்னைவிட இளையவர் ஒருவருக்குப் போனது. கடைசிவரை துணைப் பதிப்பாசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றேன். ஸ்டெல்லாவின் கோப்பு அடுத்த வாரம் நகர்ந்தது. வேலைக் கடிதம் வந்ததும் மந்தைவெளிக்கே குடி போனார்கள்.

செயலர் அறையிலிருந்து நேராகப் பெட்டி அறைக்குப் போனேன். ஸ்டெல்லா தரையில் இருந்தாள். 'வ' வரிசைவரை வந்திருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த அட்டைகளை மெதுவாக இழுப்பறைக்குள் வைத்தாள்.

"அப்ப என்கூட குந்திக்கினு தேடுன?"

"ஆமா."

"ஒம்போது வருசமா பாக்குறேன் பாக்குறேன்னு சொல்லிக்கினு இருந்த."

"ஆமா ஸ்டெல்லா."

"மூணு நாளு என் பொண்ணு மூஞ்சிய பாக்க முடில எனுக்கு. நைட்டெல்லாம் பெரும்பாக்கத்துலருந்து எந்த பஸ்ஸு, எத்தினி மணிக்கு கெளம்பணும்னு கணக்கு போட்டுக்கினு இருந்தா. தெர்யுமா உனுக்கு?"

அவள் எழுந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, மா பெட்டியிலிருந்து அந்த மஞ்சள் சீட்டை உருவினாள். ஒரு பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"கையெழுத்து போடுங்க மேடம்."

போட்டேன். சீட்டை அதே இடத்தில் திருப்பிச் செருகினாள்.

"அட்டதான் கிடையாதுன்னு ஆயிடுச்சே, சீட்டு எதுக்கு?" என்றேன்.

"அட்ட வந்தா சீட்ட எடுப்பேன். அட்ட வரல. சீட்டு இருக்கும், மேடம்."

மஞ்சள் சீட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், ஒரு அட்டையை எடுக்க இவ்வளவு சடங்கா என்று நீங்கள் அலுத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சடங்கு அன்றைக்குத்தான் பிறந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் எனக்கு 'மேடம்' தவிர வேறு பெயர் சொல்லவில்லை. எத்தனையோ பேர் அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் வாயில் அது வலித்ததுபோல் எங்கும் வலித்ததில்லை. ஒருநாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, 'இன்னாமா, சாப்ட்டியா?' என்றாள். என் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த பதிப்பில் சீனத்துக் குதிரையை எடுத்தோம். அந்தப் பக்கத்தில் மறுபடி இரண்டு வரி குறைந்தது. இந்த முறை யாரும் பதறவில்லை. ஸ்டெல்லா மூன்று அட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மூன்றும் ஒழுங்காக, கடைசிக் கட்டம்வரை நிரப்பப்பட்டவை. சென்னைப் பேச்சில் ஆணையும் பெண்ணையும் ஒருசேர அழைக்கும் 'மா'. முதல் அட்டையில் அவள் நைனா, வலை உலர்த்தும்போது தன் தம்பியிடம் பேசியது. இரண்டாவதில் மந்தைவெளி நிலையத்தில் ஒரு பேருந்து நடத்துநர். மூன்றாவது: செவ்வாய்க்கிழமை மாமா, நம் வாசலில், ஆட்டோக்காரரிடம், 'கொஞ்சம் ஓரமா நிறுத்துமா.' இடம், கிழமை, கேட்டவர் பெயர் எல்லாம் இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார். அட்டை இருக்கிறது என்றோம்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். அதன் மூன்றாவது வரியைத் திறந்து பாருங்கள். 'பண்டைக் கடல்வணிகர் வழியே சீனத்துக்குச் சென்று, இன்றும் அங்கு அதே பொருளில் வழங்குகிறது.' அது என் வரி. ஒரு எழுத்து மாறவில்லை. திருத்தம் அச்சிட்டு, பேராசிரியருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, பதவியையும் விட்டு இத்தனை வருடம் கழித்தும் அது ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த முறை என் சொந்த அலுவலகமே கட்டைவிரலை உயர்த்தி எனக்கு அனுப்பிவைத்திருக்கிறது. உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். யாரைத் திட்டுகிறேன் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

அட்டைகளெல்லாம் கணினிக்குள் போய்விட்டாலும் பெட்டிகள் அங்கேயேதான் இருக்கின்றன. மா இழுப்பறையைத் திறந்தால் அந்த மஞ்சள் சீட்டு இருக்கும். என் கையெழுத்துக்குக் கீழே ஸ்டெல்லாவின் குண்டு எழுத்தில் வருடத்துக்கு ஒரு வரி, 'வரவில்லை' என்று. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஆயுதபூஜைக்கு முதல்நாள் எனக்கு ஃபோன் செய்வாள். சிரிக்காமல் கேட்பாள்.

"மா குதிர அட்ட உன்னாண்ட கீதாமா?"

"இல்ல ஸ்டெல்லா. எங்கிட்ட எப்பவுமே இருந்ததில்ல."

"சரி, எழுதிக்கிறேன்."

போன வருடத்தோடு ஸ்டெல்லாவும் ஓய்வு பெற்றுவிட்டாள். சாவி இப்போது உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. ஆயுதபூஜைக்குப் பெட்டி துடைக்கும்போது அந்தச் சீட்டை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஃபோன் செய்து கேளுங்கள். இல்லை என்று நான் சொன்னதும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.